பந்து தந்தவன்

என்னுடைய கடையில் யாராவது அவரைப் புகழ்ந்தால், அவர் உடனே வேறு ஒருவரைக் கையால் காட்டுவார். "நல்லாய் மாற்றித் தந்தீர்கள், போன வருடம் வேறு இடத்தில் போட்ட டயர் வீதியிலேயே ஆடத் தொடங்கிவிட்டது" என்று வாடிக்கையாளர் ஒருவர் சொல்லுவார். அவர் முழங்காலில் கையை ஊன்றி மெதுவாக எழும்பி, டயரை உருட்டிக்கொண்டு வந்து கொடுத்தவனைக் காட்டுவார். அவன் இல்லாவிட்டால் காற்றடித்தவனை. அவனும் இல்லாவிட்டால் சுவரோடு நிற்கும் கொம்பிரசர் மெஷினைக் காட்டுவார். ஆள் மாறும், கை நீளுவது மாறாது.

நான் அப்படியானவன் இல்லை. அதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஓர் உணவகத்தின் நிலக்கீழ் அறையில் நின்று கோப்பை கழுவினேன். இன்றைக்கு சென்ட் லோரன்ட்டில் ஒன்று, லாசாலில் ஒன்று என்று இரண்டு டயர் கடை. பிரெஞ்சில் ஒரு வரி எழுத வராது. ஆனால் பிரெஞ்சுக்காரர் எத்தனையோ பேர் என்னிடம் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள். இதையெல்லாம் நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் நாற்பது வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பதினெட்டு வருடம் என்னோடு வேலை செய்த மனிதர். அந்தப் பெயரை நான் ஒருநாளும் சரியாக உச்சரித்ததில்லை; எழுத்திலும் அதைக் கெடுக்க விருப்பமில்லை. கடையில் நாங்கள் அவரை "ரஷ்யன்" என்றோம். முதல் நாளே அவர் திருத்தினார். தான் ரஷ்யன் இல்லை, உக்ரேன் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எங்கள் ஆட்களைப் பார்த்து, "எல்லாம் ஒண்டுதானே, விடுங்கோ" என்றேன். கோப்பை கழுவிய இடத்தில் சமையல்காரன் ஒருவன் என்னைச் சிங்களவன் என்று சொன்னதற்காக அவனுடைய சட்டையைப் பிடித்து உலுக்கியவன்தான் இப்படிச் சொன்னேன்.

ஊரில் பந்து விளையாடியதாக மட்டும் சொல்லியிருந்தார். முழங்கால் இரண்டும் பழுதானவர். எங்கள் ஊரில் யார்தான் பந்து விளையாடவில்லை? நானும்தான் விளையாடினேன். அதனால் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இனி என் தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிடப் பதின்மூன்று வயது இளையவன். அவனை ஸ்பொன்சர் செய்து எடுத்தது நான். விமான டிக்கெட் நான். முதல் குளிர் ஜக்கெட் நான். முதல் வேலையும் என் கடையில்தான். பெண் பார்த்ததும் நான்தான். தம்பிக்குப் பேச்சுக் குறைவு, கையும் மெது. நான் ஒரு காருக்கு நாலு டயரும் மாற்றி முடிக்கும்போது அவன் மூன்றாவதில் நிற்பான். ஆனால் அவன் கை வைத்த கார் எதுவும் குறையோடு திரும்பி வந்ததில்லை. இந்தக் கடைசி வசனத்தை அந்தக் காலத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி இப்போது எட்மன்டனில் இருக்கிறான். ஆறு வருடம் என்னோடு கதை இல்லாமல் இருந்தான். ரஷ்யனைப் பற்றிச் சொல்ல வந்தவன் வீட்டுக் கதை சொல்லுகிறான் என்று நினைக்காதீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கதை. தம்பியின் வாயிலிருந்து "அண்ணை" என்ற சொல்லைத் திரும்ப ஒருதரம் கேட்கவேண்டும் என்று நான் இருந்த காலம் முழுவதும் அந்த மனிதர் என் பக்கத்தில் குனிந்து நட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஆட்கள் கார் நிறுத்தும் இடத்தில் பந்தடிப்பார்கள். ஒருநாள் ரஷ்யன் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் கோல் அடிக்க ஓடினார்கள். அவர் கண் மட்டும் தம்பியின் காலிலேயே நின்றது. சாப்பாடு முடிந்ததும் தம்பியிடம் போய் உடைந்த ஆங்கிலத்தில், "நீ நல்லாய்க் கொடுக்கிறாய்" என்றார். அடுத்த ஞாயிறே அவர் எங்கள் பயிற்சியாளர்.

கடையின் பெயரில் ஓர் அணி வைத்திருந்தேன். சட்டை நான் அடித்துக் கொடுத்தது. நெஞ்சில் கடையின் பெயர், முதுகில் என்னுடைய போன் நம்பர். லாசாலில் ஒரு பூங்காவில் ஞாயிறு தோறும் விளையாட்டு. ஆடுகிறவர்கள் எல்லாரும் நாற்பது தாண்டியவர்கள். பாதிப் பேர் தொந்தி வைத்தவர்கள். முன்னுக்கு நின்று கோல் அடிப்பவர் டாக்ஸி ஓடுகிற ஒருவர். தம்பி நடுவில் நின்று பந்து கொடுப்பான். ரஷ்யன் கோட்டுக்கு வெளியே, ஆடி மாத வெயிலிலும் கம்பளித் தொப்பியோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வாயே திறக்கமாட்டார். திடீரென்று மட்டும் ஒரு சத்தம் வரும்.

"தக்! தக்!"

தமிழனைப் பார்த்துத் "தக்" என்று கத்தினால் அவனுக்கு வேறு என்ன விளங்கும்? "டக்கெண்டு குடு" என்கிறார் என்றுதான் எடுத்துக்கொண்டோம். கடையில் கிடந்து கெதியா, அண்ணை, சோறு என்று நாலைந்து சொல் பழகியிருந்தார். இதுவும் அப்படிப் பழகியது, நாக்குத்தான் சரியாகப் புரளவில்லை என்று முடிவுகட்டினோம். முடிவுகட்டியவன் நான்தான்.

அந்தச் சத்தம் கூடுதலாகத் தம்பிக்குத்தான் விழும். டாக்ஸிக்காரர் பகிடி பண்ணுவார்.

"உந்தாள் உன்னைத்தானடாப்பா பாத்துப் பாத்துக் கத்துது. ஒரு நாளைக்காவது டக்கெண்டு குடன், மனிசன்ரை தொண்டை வத்திப் போகும்."

தம்பி நிலத்தைப் பார்த்துச் சிரிப்பான். வெட்கத்தில் சிரிக்கிறான் என்று நினைப்பேன். நான் கோட்டில் நின்று, "கேட்டுதோடா? கெட்டிக்காரரே சொல்லுறார்! மந்தம் பிடிச்சவன் மாதிரி நிக்காதை!" என்று சேர்ந்து கத்துவேன். எனக்கு அதில் ஒரு சந்தோசம். நான் இருபது வருடமாகச் சொன்னதை இப்போது வெளிநாட்டு ஆள் ஒருவரும் சொல்லுகிறார்.

அவர் யாரென்பது கார்த்திகை மாதம் ஒருநாள் தெரிந்தது. மார்கழி பிறக்கமுதல் பனி டயர் போடவேண்டும் என்பது இங்கே சட்டம். கார்த்திகையில் கடை வாசலில் கார்கள் வீதிவரை நிற்கும். ஒரு பழைய காரிலிருந்து கிழவர் ஒருவர் இறங்கினார். தன் காரின் சில்லுக்கு முன்னால் குந்தியிருந்த ரஷ்யனைப் பார்த்தார். அந்தக் குளிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தார். அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். ரஷ்யன் நிமிர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டி மறுபடி குனிந்துகொண்டார். கிழவர் கண்ணைத் துடைத்தபடி என்னுடைய மேசைக்கு வந்தார்.

"எனக்கு டயர் மாற்றுகிறவன் யாரென்று உனக்குத் தெரியுமா?"

"தெரியும். எங்கள் ரஷ்யன்" என்றேன்.

கிழவருடைய முகம் இறுகிவிட்டது. "ரஷ்யனா? எங்கள் நகரத்தில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கல்யாணம் வைக்கமாட்டார்கள். இவன் விளையாடும் நாளென்று மாப்பிள்ளையே வரமாட்டான். என்னுடைய மகனுக்கு வைத்தது இவனுடைய பெயர். எங்கள் தெருவில் நின்று அந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும். அப்பேர்ப்பட்டவன் என்னுடைய காருக்கு முன்னால் முழங்காலில் இருக்கிறான்."

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னுடைய கடையில் இப்படி ஒருவர்! "பெரிய ஆள், ஆனால் எவ்வளவு பணிவு" என்றேன். "யார் புகழ்ந்தாலும் பக்கத்து ஆளைத்தான் காட்டுவார்."

கிழவர் என்னை விநோதமாகப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பணிவா? இவனிடமா? கோல் அடித்தால் இவனை ஒருவரும் தொடக்கூடாது. பந்து தந்தவன் கட்டிப்பிடிக்க ஓடி வருவான். இவன் அவனை ஒரு கையால் தள்ளிவிட்டு மூலைக் கொடிக்கு ஓடுவான். அங்கே தனியே நின்று நெஞ்சை விரித்துக் காட்டுவான். உலகத்தில் தான் ஒருவன் மட்டும்தான் என்பதுபோல. நாங்கள் அதற்காகத்தான் அவனுக்கு உயிரை விட்டோம்."

கிழவர் போனபிறகு இதைப் பற்றி அவரிடம் கேட்டேன். "கிழவர். ஞாபகம் பிசகு" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார். எனக்கோ அந்த மூலைக் கொடிக் கதை மிகவும் பிடித்திருந்தது. என்னைப்போல ஒரு மனிதன் என்று நினைத்தேன். பிறகு ஏன் அப்படி இல்லாமல் போனார் என்று அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த கோடையில் எங்கள் தமிழ்க் கழகங்களின் சுற்றுப்போட்டி. எப்படியோ இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். முடிய இரண்டு நிமிடம் இருக்கும். பந்து தம்பியின் காலில். எல்லாரும் அடி, அடி என்று கத்துகிறார்கள். அவன் அடிக்கவில்லை. நின்றான். எதிர்ப்பக்கத்தார் இரண்டு பேர் தன்னிடம் வரும்வரை நின்றான். அவர்கள் வந்ததும் அவர்களுக்கு நடுவால் மெல்லத் தட்டிவிட்டான். டாக்ஸிக்காரருக்கு முன்னால் கோல்காப்பாளர் ஒருவர்தான் மிச்சம். அவர் அடித்த அடி கம்பத்துக்கு மேலால் போய் அங்கால் நின்ற ஐஸ்கிறீம் வண்டியில் விழுந்தது. கோட்டோரம் ரஷ்யன் கையைத் தட்டிக்கொண்டு, "தக்! தக்! தக்!" என்று துள்ளினார். அந்த முழங்காலோடு. மற்றப் பக்கத்தார் திரும்பிப் போய் ஒரு கோல் அடித்தார்கள். தோற்றோம்.

பிறகு மரத்தடியில் கோழி வாட்டிக்கொண்டிருந்தோம். குடும்பங்கள் எல்லாம் வந்திருந்தன. நான் எழும்பிப் பேசினேன். பேசச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. என்னை யாரும் கேட்கவேண்டியதில்லை.

"எங்கட தம்பி ஊரிலயும் இப்பிடித்தான். எல்லாத்துக்கும் நிண்டு யோசிப்பான். அவர் டக்கெண்டு குடு, டக்கெண்டு குடு எண்டு தொண்டை கிழியக் கத்துறார், இவன் சாமி கும்பிடுற மாதிரி நிக்கிறான்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பி தட்டோடு நிமிர்ந்தான்.

"அண்ணை, அவர் சொன்னது..."

"அவர் சொன்னது எல்லாருக்கும் கேட்டது, நீ இரு. நான் கூப்பிட்டு எடுத்திராட்டி நீ இண்டைக்கு எங்கை நிண்டிருப்பாய் எண்டு யோசிச்சுப் பாத்தியோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. தம்பியின் மனைவி எழும்பிப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து மாட்டத் தொடங்கினாள். தம்பி தட்டை மேசையில் வைத்தான். அதில் கோழி தொடாமல் அப்படியே கிடந்தது.

அவர்கள் போனபிறகு ரஷ்யன் என்னிடம் வந்தார். தமிழில் நடந்தது அவருக்கு விளங்கவில்லை, முகங்களைப் பார்த்திருக்கிறார். "ஏன்? அவன் நல்ல பந்து தந்தான்" என்றார்.

"நீங்கள்தானே கத்தினீர்கள்?" என்றேன்.

"ஓம். நான்தான் கத்தினேன்" என்றார், நெஞ்சில் கையை வைத்து.

ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு இருவரும் வீட்டுக்குப் போனோம்.

திங்கட்கிழமை தம்பியின் வேலை உடுப்புத் தோய்த்து மடித்து என்னுடைய மேசையில் இருந்தது. மாதம் முடியமுதல் எட்மன்டனுக்குப் போய்விட்டார்கள். நம்பரையும் மாற்றிவிட்டான். சொந்தக்காரர் யாரிடமாவது கேட்டால் கிடைத்திருக்கும். நான் கேட்கவில்லை. வளர்த்தவன் போய்க் கேட்பதா?

அதற்குப் பிறகு திங்கள் தோறும் ரஷ்யன் வேலை தொடங்கமுதல் என்னுடைய மேசைக்கு வந்து நிற்பார்.

"தம்பி. போன்?"

அவருடைய ஆங்கிலம் அவ்வளவுதான், என்னுடையதும் அவ்வளவுதான். "இல்லை. எடுப்பான். எங்கே போகப்போகிறான்?" என்பேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு போவார். அடுத்த திங்களும் அதே கேள்வி, அதே பதில்.

மாசி மாதம் ஒருநாள் காலை, தெப்பனேர் என்கிற மூலைச் சில்லறைக் கடையில் கோப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே தொலைக்காட்சியில் ரஷ்யா உக்ரேன் மேல் போர் தொடங்கிவிட்டதாகக் காட்டினார்கள். ரஷ்யன் வழமைபோல நேரத்துக்கு வந்து ஒரு காரைத் தூக்கி வைத்திருந்தார். நான் சும்மா கதை கொடுக்கும் எண்ணத்தில், கோப்பியை நீட்டிக்கொண்டு, "உங்கள் ஆட்கள் பிளேனில் வந்து அடிக்கிறார்களாமே, பலமான அடிபோல" என்றேன்.

அவர் கோப்பியை வாங்கவில்லை. கையுறையைக் கழற்றினார்.

"அடிப்பவர்கள் என்னுடைய ஆட்கள் இல்லை. விழுவது என்னுடைய ஆட்கள் மேல்."

பிளேன் சத்தம் கேட்டு ஓடிப் பதுங்கிய குடும்பம் எங்களுடையது. நாங்கள் இருந்த வீட்டின் பாதி இன்றைக்கும் கூரை இல்லாமல் நிற்கிறது. அப்படிப்பட்டவன் நின்று சொன்ன சொல் அது. அன்றைக்குப் பிறகு "ரஷ்யன்" என்ற சொல்லைக் கடையில் ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வேறு பெயர் வராததால் எல்லாரும் "ஐயா" என்றோம். அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார்.

சில கிழமைகளுக்குப் பிறகு அவர் தன் போனில் ஒரு படம் காட்டினார். அவர் விளையாடிய மைதானம். இருக்கைகள் உருகிக் கிடந்தன. கோல் கம்பத்துக்கு முன்னால் லொறி ஒன்று போய் விழக்கூடிய குழி. டயர்க் கறுப்பு ஏறிய நகத்தை அந்தக் குழியின் மேல் வைத்தார்.

"இந்த இடம்தான். அவன் தரும் பந்து இங்கேதான் விழும். பதினொரு வருடம். நான் பார்க்கவே தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு இங்கே வந்து நின்றால் பந்து வந்துவிடும்."

"யார் அவன்?" என்று கேட்டேன். அன்றைக்குத்தான் அவர் என்னோடு நீளமாகக் கதைத்தார். ஆங்கிலம் போதாத இடத்தில் நட்டுகளை மேசையில் வைத்துக் காட்டினார். இடது பக்கத்தில் ஓடும் சிநேகிதன் ஒருவன். சுரங்கத் தொழிலாளியின் மகன். அவன்தான் பந்து தருவான், இவர் அடிப்பார். பத்திரிகையில் இவருடைய படம் வரும். தலைநகரத்துப் பெரிய கழகம் இவரைக் கேட்டு வந்தது. அவனைக் கேட்கவில்லை.

"நானும் கேட்கவில்லை. அவனையும் எடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பெருமை குறைந்துவிடும் என்று நினைத்தேன்."

புதிய கழகத்தில் முதல் வருடம் அவருக்குக் கோலே விழவில்லையாம். நிற்கிற இடத்துக்குப் பந்து வரவில்லையாம். அப்போது விளங்கியது என்றார். விளங்கிய பிறகும் போன் எடுக்க வெட்கம். பிறகு எடுப்போம், அடுத்த கிழமை எடுப்போம் என்று வருடங்கள் போயின. கடைசியில் எடுத்தபோது அவனுடைய மனைவிதான் கதைத்தாள். அவன் செத்து நாற்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது என்றாளாம். எங்கள் முப்பத்தொன்றைப்போல அவர்களுக்கு நாற்பது.

அவர் நட்டுகளைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி. போன்?" என்றார். அன்றைக்குத் திங்கள்கூட இல்லை.

"இன்னும் எடுக்கவில்லை" என்றேன்.

போன வருடம் அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வலது கையும் காலும் அசையவில்லை. பேச்சும் போய்விட்டது. பார்க்கப் போனேன். பக்கத்தில் அவருடைய மகள் இருந்தார். ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. நான் கதிரையை இழுத்துப் போட்டு லாசால் கடையைப் பெரிதாக்கிய கதையைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல எனக்குத் தெரியும்? இடையில், "தலையணையை உயர்த்தவா?" என்று கேட்டேன்.

"தக்" என்றார். அந்த ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது.

நான் துள்ளி எழும்பித் தலையணையை இழுத்தேன். "தண்ணீர்?" என்றேன். "தக்." ஓடிப்போய் எடுத்துவந்ததில் பாதி என் சட்டையில் ஊற்றுப்பட்டது. மகள் என்னைப் பிடித்து இருத்தினார்.

"ஏன் இப்படி ஓடுகிறீர்கள்?"

"அப்பா டக்கெண்டு செய்யச் சொல்லுகிறாரே. அது தமிழ்ச் சொல். எங்கள் கடையில் பழகியது" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

மகள் தலையை ஆட்டினார். "அது எங்களுடைய சொல். ஆம் என்று அர்த்தம். சரி, அப்படித்தான் என்பதற்கும் அதுதான். ரஷ்யர்களுக்கு ஆம் என்பதற்கு வேறு சொல்."

நான் ஈரச் சட்டையோடு இருந்தேன். லாசால் பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. யாராவது நல்ல பந்து தந்தபோதுதான் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. தம்பிக்குத்தான் கூடுதலாக வந்திருக்கிறது. இறுதி ஆட்டத்தில் மூன்று தரம்.

"என்னுடைய தம்பிக்கு நீங்கள் சொன்னது... ஆம் என்றா?"

ஐயா இடது கையைத் தூக்கினார். அதைத் தூக்க அவ்வளவு நேரம் எடுத்தது. விரல் என் சட்டைப் பையில் இருந்த போனுக்கு நேரே வந்து நின்றது. "தக்" என்றார்.

"நாளைக்கு எடுக்கிறேன்" என்றேன்.

நாளைக்கு எடுக்கவில்லை. நம்பர் இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். பதினொரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் மகள் எனக்குப் போன் எடுத்தார்.

செத்த வீட்டுக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு நகரத்தின் கல்யாணங்களை நிறுத்தியவருக்கு இருபது பேர். கார்த்திகையில் வந்த அந்தக் கிழவர் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். மகனுக்கு ஐம்பது வயதிருக்கும். அந்தப் பெயரைக் கொண்ட மகன்தான் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்தார். மற்ற முனையை நான் பிடித்தேன்.

எல்லாம் முடிந்தபிறகு மகள் ஒரு துண்டைத் தந்தார். கடையின் பில் ஒன்றின் பின்பக்கம். ஐயாவின் கோணல் எழுத்தில் தம்பியின் பெயரும் ஒரு போன் நம்பரும். படுக்கையில் விழமுதலே எனக்கென்று எழுதி வைத்ததாம். அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் திங்கட்கிழமைக் கேள்வி எனக்கு விளங்கியது. தம்பி எடுத்தானா என்று அவர் கேட்கவில்லை. நீ எடுத்தாயா என்று கேட்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் எடுத்தேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். பெரிய சேதி ஒன்றை அவனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"தம்பி, நான்தான்."

 அவனுக்குப் பின்னால் ஒரு குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"சொல்லுங்கோ அண்ணை."

"கடையில நிண்ட ஐயா போயிட்டார்."

"தெரியும். மகள் எடுத்துச் சொன்னவ. லீவு தரேல்லை, வர முடியேல்லை. ஐயா ஞாயிறு தவறாமல் எனக்கு எடுப்பார். ரெண்டு பேருக்கும் கதைக்கப் பாஷை இல்லை, எண்டாலும் எடுப்பார்."

"தம்பி, அவர் கத்தினது டக்கெண்டு இல்லையடா. அவையின்ரை பாஷையில அது ஓம் எண்டதாம். உன்னைத்தான்..."

"அதும் தெரியும் அண்ணை. முதல் கிழமையே அவரிட்டைக் கேட்டனான்."

 அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான்:

"அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவ்வளவு காலம் உங்கட கடையில நிண்டனான்."

கழகக் கூட்டம், கோயில் மண்டபம், கல்யாண வீடு, எங்கே மைக்கைக் கண்டாலும் பேசியவன் நான். ஒரு சொல்லும் வரவில்லை. அவன் போனை வைக்கவில்லை. மூச்சுக் கேட்டது.

"அண்டைக்கு," என்றேன். "அந்தக் கடைசி ஆட்டத்தில. ரெண்டு பேருக்கும் நடுவால நீ குடுத்த பந்து..."

"சொல்லுங்கோ."

"சரியான பந்தடா, தம்பி."

"ஆறு வருசம் பிந்திக் குடுக்கிறியள், அண்ணை" என்றான்.

கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.